கால் கழுவும் வேலை

புதுச்சேரியில் நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கென்றே ஓர் அறை உண்டு. வீராம்பட்டினத்து மீனவர், பாகூர் பக்கத்து விவசாயி, கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் அம்மா என்று எல்லோரும் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். பல மீனவர்களுக்குக் காலைக் காட்ட அப்போதுதான் நேரம் வாய்க்கிறது. சுகர் நரம்பைக் கெடுத்துவிட்டால் ஆணி குத்தினாலும் தெரியாது. வலிக்காததால் புண் முற்றிய பிறகே வருகிறார்கள்.

கட்டைப் பிரித்தால் வாடை அடிக்கும். அது எனக்குப் பழகிவிட்டது. அவர்களுக்குத்தான் பழகுவதில்லை. "வேணாம் சிஸ்டர், நாறுது, நானே பண்ணிக்கிறேன்" என்று காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

பைபிளில் யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவ வருகிறார். சீடர் பேதுருவும் இப்படித்தான் காலைத் தர மறுக்கிறார். அவருக்கு விஷயம் புரியவில்லை என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ அதில் கூச்சமே அதிகம் தெரிகிறது. அந்தக் காலத்தில் கால் கழுவுவது வேலைக்காரர் செய்வது. குருவே குனிந்தால் யாருக்குத்தான் கூசாது? இயேசு அவரை அதட்டவும் இல்லை, சரி போ என்று விட்டுவிடவும் இல்லை. பேசிப் புரியவைத்தார். அதனால் நானும் உடனே கட்டைப் பிரிப்பதில்லை. குட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "வலையில என்னண்ணே பட்டுது?" என்று கேட்பேன். பதில் சொல்லும்போது அவர் என்னைக் கீழே குனிந்துதான் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கால் தானாக முன்னால் வந்துவிடும்.

கழுவியதோடு இயேசு நிறுத்தவில்லை, இடுப்பில் கட்டியிருந்த துண்டால் துடைத்தும் விட்டார். எங்கள் அறையில் அதுவே முக்கியமான வேலை. விரல் இடுக்கில் ஈரம் நின்றால் தோல் ஊறி, பூஞ்சை பிடித்து, அங்கேயே அடுத்த புண் கிளம்பும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இந்தத் துடைப்புதான்.

காட்டிக்கொடுக்கப் போகிறவன் யார் என்று தெரிந்தும் யூதாசின் கால்களை அவர் விட்டுவிடவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டும் நோயாளி வரும்போது நான் பிடித்துக்கொள்வது இதைத்தான். அவருடைய விரல் இடுக்கையும் அதே நிதானத்தோடு துடைக்க வேண்டும். சில நாள் அதற்கு ஜெபம் தேவைப்படுகிறது.

தான் மட்டும் கழுவிவிட்டு இயேசு போய்விடவும் இல்லை. நீங்களும் ஒருவருக்கொருவர் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மகனையோ மருமகளையோ பக்கத்தில் உட்காரவைப்பேன். வெதுவெதுப்பான தண்ணீர்தானா என்று முழங்கையை விட்டுப் பார்க்கணும், அப்பா காலுக்குச் சூடு தெரியாது. ராத்திரி தூங்குமுன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கணும். இவ்வளவும் சொல்லி, "எங்கே, என் முன்னாலயே ஒரு தடவை துடைச்சு விடுங்க தம்பி" என்று துண்டை அவர் கையில் கொடுத்துவிடுவேன்.