பறப்பதற்கு முன்னால் தரையில் நடந்தவை

எங்கள் இளைஞர் குழுவில் பிள்ளைகளைச் சிறிய விமானத்தில் ஏற்ற அனுமதி கேட்டு எழுதினேன். தலைமையிலிருந்து ஒரே வரியில் மறுப்பு. விடாமல் காரணம் கேட்டதில் தெரிந்தது: குழுவின் காப்பீட்டில் தனியார் விமானப் பயணம் சேராது. சிக்கல் இன்னதென்று புரிந்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

பயணிகளுக்கும் சேர்த்துக் காப்பீடு வைத்திருக்கும் ஒரு ஃபிளையிங் கிளப்பைத் தேடிப் பிடித்தோம். தகுதிச் சான்றிதழ் உள்ள விமானம் மட்டும்தான், வீட்டில் கட்டியதோ அல்ட்ராலைட் என்ற மிக இலகுவான குட்டி விமானமோ கிடையாது, சாகசப் பறத்தல் அறவே இல்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். பெரியவர் ஒருவருடன் ஒரு பிள்ளை தனியாக இருக்கக் கூடாது என்ற விதிக்கும் வழி இருந்தது. கிளப்பின் சிறிய விமானமான செஸ்னா 172-இல் நான்கு இருக்கைகள். ஒவ்வொரு முறையும் இரண்டு பிள்ளைகள். அமெரிக்காவில் 1992 முதல் நடக்கும் யங் ஈகிள்ஸ் திட்டத்தில் 8 முதல் 17 வயதுக்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பறந்திருப்பதையும் கடிதத்தில் குறிப்பிட்டேன்.

பதில் வர மாதக்கணக்கில் ஆனது. அதுவரை சும்மா இருக்க வேண்டுமா என்ன? தரையில் கற்றுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. உண்மையில் பிள்ளைகள் விமானத்தோடு ஒட்டிக்கொண்டது அங்கேதான்.

கிளப்பின் பயிற்றுநர் முதலில் காட்டியது புரொப்பெல்லரை. சாவியை அணைத்திருந்தாலும் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் எர்த் கம்பி அறுந்திருந்தால், கையால் லேசாகத் திருப்பினாலே இன்ஜின் உயிர்பெற்றுவிடலாம். ஆகவே நிற்கும் புரொப்பெல்லரையும் ஓடுவதாகவே நினைக்க வேண்டும் என்றார். தொடாதே என்று நான் நூறு முறை சொன்னாலும் ஏறாதது, காரணத்தோடு சொன்னதும் ஏறிவிட்டது. அப்புறம் இறக்கைக்கு அடியிலிருந்து கண்ணாடிக் குப்பியில் எரிபொருள் பிடித்தார். வெளிர் நீலத்தில் இருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார். கலக்காமல் அடியில் முத்துப்போல் உருண்டது. வரிசையில் நின்று ஆளுக்கொரு முறை பார்த்தார்கள்.

எடைக் கணக்கையும் அவர்களிடமே விட்டோம். யார் எங்கே உட்கார்ந்தால் ஈர்ப்பு மையம் எங்கே நகரும் என்று தாளில் போட்டுப் பார்த்தார்கள். ஓடுதளத்தின் எண் அதன் காந்தத் திசையை டிகிரியில் எடுத்துப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கியது என்று தெரிந்ததும், 27 என்றால் மேற்கு, 09 என்றால் கிழக்கு என ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டார்கள்.

அனுமதி வந்து குறித்த நாளில் குறுக்குக் காற்று பலமாக இருந்தது. வானிலை அறிக்கையைப் படித்து, "இன்று வேண்டாம்" என்று முதலில் சொன்னவர்கள் பிள்ளைகள். எனக்கு அந்த நாள் பெரிய வெற்றி.

அடுத்த தேதியில் பறந்தார்கள். சுமார் இருபது நிமிடம், நேராக, நிதானமாக. இறங்கியதும் ஒரு பெண் கேட்ட முதல் கேள்வி, தனியாக ஓட்ட எத்தனை வயது ஆக வேண்டும் என்பது. நாட்டுக்கு நாடு மாறும் என்றேன். அமெரிக்காவில் இன்ஜின் இல்லாமல் மிதக்கும் கிளைடருக்கு 14, விமானத்துக்கு 16. அவளுக்கு வயது 13. கிளைடர் கிளப்புகளின் விதிகளை இப்போது சேர்ந்தே படித்துக்கொண்டிருக்கிறோம்.