யூரிக் அமிலத் தட்டில் பூஞ்சை வளரவில்லையா?

பத்துமலையில் புறாக்கள் விட்டுப்போகும் எச்சத்தின் வெள்ளைப் பகுதி பெரும்பாலும் யூரிக் அமிலம்தான். ஒரு மூலக்கூறுக்கு நான்கு நைட்ரஜன், பூஞ்சைக்கு விருந்து. அதற்காகக் காய்ந்த எச்சத்தைச் சுரண்டி ஆய்வகத்துக்குக் கொண்டுவராதீர்கள், நோய் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை அதில் இருக்கலாம். யூரிக் அமிலம் போன்றவற்றையே நைட்ரஜன் உணவாகக் கொடுத்து, பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனைக்கு அஸ்பெர்ஜிலஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சை போதும்.

1 லிட்டருக்குக் குளுக்கோஸ் 10 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.5, பொட்டாசியம் குளோரைடும் மக்னீசியம் சல்பேட்டும் தலா 0.5, நுண்தனிமக் கரைசல் 1 மி.லி. பி.எச். 6.5. வழக்கமாகப் போடும் நைட்ரேட்டை விட்டுவிட்டு, சோதிக்க வேண்டிய பியூரின் (யூரிக் அமிலம், சாந்தைன், ஹைப்போசாந்தைன் எல்லாம் இந்தக் குடும்பம்) 100 மி.கி. சேருங்கள். யூரிக் அமிலம் வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, அன்றைக்கே பயன்படுத்தி, பி.எச்.சை மறுபடி சரிபாருங்கள். அகார் சுத்தமானதாக இருக்கட்டும். ஜெல்லி செய்ய வாங்கும் அகார்-அகாரில் ஒட்டியிருக்கும் நைட்ரஜனிலேயே மெல்லிய வளர்ச்சி வந்துவிடும். நைட்ரஜனே இல்லாத தட்டு ஒன்று பக்கத்தில் இல்லையென்றால் எந்த முடிவையும் நம்பாதீர்கள். 37 டிகிரியில் வையுங்கள்.

அம்மோனியம் கலந்துவிட்டால் கதை முடிந்தது. பியூரினைப் பயன்படுத்த உதவும் மரபணுக்கள் அடங்கிவிடும்; யூரிக் அமிலத்தையும் சாந்தைனையும் புரோட்டானோடு சேர்த்து உள்ளே இழுக்கும் யுஏபிஏ என்ற கடத்திப் புரதத்தைச் செல் தன் சவ்விலிருந்தே உருவி எடுத்துச் சிதைத்துவிடும்.

இனி விகாரிகள், அதாவது மரபணு பழுதான பூஞ்சைகள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பூஞ்சை உடைக்கும் வரிசையை நினைவில் வையுங்கள்: ஹைப்போசாந்தைன், சாந்தைன், யூரிக் அமிலம், அலன்டோயின், கடைசியில் யூரியா. ஹைப்போசாந்தைனில் வளர்கிறது, யூரிக் அமிலத்தில் திணறுகிறது என்றால் பழுது வாசலில், அதாவது யுஏபிஏவில்: செல்லுக்குள்ளேயே உருவாகும் யூரிக் அமிலத்தை உடைக்க முடிகிறது, வெளியே கிடப்பதை எடுக்கத்தான் முடியவில்லை. அடியோடு நிற்காமல் கொஞ்சம் வளர்வதற்குக் காரணம், யுஏபிசி என்ற இன்னொரு கடத்தி. இரண்டிலும் வளராமல் அலன்டோயினில் மட்டும் வளர்ந்தால் யூரிக் அமிலத்தை உடைக்கும் யூரிகேஸ் நொதியைச் சந்தேகியுங்கள். ஹைப்போசாந்தைனில் மட்டும் வளராமல் சாந்தைனில் வளர்ந்தால் ஹைப்போசாந்தைனைச் சாந்தைனாகவும் பிறகு யூரிக் அமிலமாகவும் மாற்றும் சாந்தைன் டிஹைட்ரஜனேஸ் நொதி கெட்டிருக்கலாம்; சாந்தைனை யூரிக் அமிலமாக்க, இரும்பைக் கொண்டு இயங்கும் மாற்று நொதி ஒன்று இந்தப் பூஞ்சையில் உண்டு. ஆனால் நைட்ரேட்டிலும் வளரவில்லையா? அப்படியென்றால் நொதியை விட்டுவிட்டு நொதி இயங்கத் துணைநிற்கும் மாலிப்டினம் துணைக்காரணியைப் பாருங்கள். அந்த டிஹைட்ரஜனேஸுக்கும், நைட்ரேட்டைப் பயன்படுத்த உதவும் நைட்ரேட் ரிடக்டேஸுக்கும் அது பொது.

அலன்டோயினிலும் யூரியாவிலும் வளர்ச்சி இல்லையென்றால், பழுது யூரியாவை உடைக்கும் யூரியேஸ் நொதியில், அல்லது அதற்கு வேண்டிய நிக்கலில்.

ஒரு தட்டு கூடுதலாக ஊற்ற நேரமிருந்தால் கௌட் என்ற மூட்டு நோய்க்கான மருந்தான அலோப்யூரினாலைச் சேருங்கள்; அது சாந்தைன் டிஹைட்ரஜனேஸைத் தடுக்கும். ஹைப்போசாந்தைனில் வளர்ச்சி தடைபடும், யூரிக் அமிலத்தில் தொடரும்.