"வலி எத்தனை?" என்று நான் கேட்பதில்லை

நெஞ்சறை ஆபரேஷன் முடிந்த மறுநாள், "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்க வேண்டும் என்பது பாடம். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து வரும் பெரியவர்களிடம் அது எடுபடாது. "பரவாயில்ல டாக்டர்" என்பார்கள். மகன் பக்கத்தில் நின்றால் வலியே இல்லை என்பார்கள். அதனால் நான், "எங்க ஐயா, நல்லா ஒருவாட்டி இருமுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பேன். பாதி இருமலில் கை விலாவைப் பிடித்தால், எத்தனை என்று தெரிந்துவிடும்.

காசநோய்க்குப் பிறகு நெஞ்சில் சீழ் கட்டியவர்கள் இங்கே நிறைய வருகிறார்கள். பெரும்பாலும் விலா எலும்புகளை விலக்கித்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். அப்புறம் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த விலா அசையும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி தங்கும்; நிமோனியா வரும். வலி மருந்தான மார்ஃபினைக் கூட்டினால் தூங்கிவிடுவார், மூச்சும் மந்தமாகும்.

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடத்தில் மரத்துப்போகும் மருந்து விடும் எபிடியூரல் நல்ல வைத்தியம்தான். ஆனால் பிபி இறங்கும்; ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து. 2016இல் எரெக்டர் ஸ்பைனே பிளாக் என்ற, நரம்பை மரத்துப்போகச் செய்யும் முறை வெளிவந்தது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முதுகுத் தசைக்கு அடியில், முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சிமேல் மருந்தை விடுவோம். தண்டுவடத்துக்கு ஊசி போகாது. எபிடியூரல் அளவுக்கு எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு முன்பக்க நெஞ்சில் வலி மிஞ்சும்.

"முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி" என்ற பயத்தோடு வருபவர்களுக்கு, இது பிரசவ ஆபரேஷனுக்குப் போடும் ஊசி இல்லை என்று விளக்கவே நேரம் போய்விடும். இதற்கிடையில் ஸ்கேன் மெஷின் வேறு. நாங்கள் தசையையும் நரம்பையும்தான் பார்க்கிறோம். ஆனாலும் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மெஷினைப் பதிவு செய்தாக வேண்டும். சட்டம் தேவைதான், ஃபைல்தான் கொஞ்சம் கனம்.

பிளாக் நன்றாக வேலை செய்யும்போதே சிலர், "தோள்பட்டைதான் டாக்டர் தாங்கல" என்பார்கள். புது ஸ்டாஃப் பிளாக் ஃபெயில் என்று போன் செய்வார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானம் என்ற தசைக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது. அதன் எரிச்சல் தோளில் தெரியும். முதுகில் விட்ட மருந்து பெரும்பாலும் அங்கே எட்டாது. பாராசிட்டமாலும், சிறுநீரகம் நன்றாக இருந்தால் டைக்ளோஃபினாக்கும் கொடுப்போம்.

ஒரே ஊசியோடு நிறுத்தினால் மருந்து தீர்வது பெரும்பாலும் நள்ளிரவில், வார்டில் ஆள் குறைவான நேரத்தில். அதனால் முடிந்தவரை தொடர்ந்து மருந்து விடச் சின்னக் குழாய் ஒன்றை உள்ளேயே விட்டுவைக்கிறேன். முடியாவிட்டால், வலி வரும்வரை காத்திருக்காமல் ராத்திரி சாப்பாட்டோடு மாத்திரை கொடுக்கும்படி சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிவிடுகிறேன்.