45 தட்டு, 33 வேகம்: ஜோலீனோடு மூன்று வாரம்

நேற்று இரவு பதினோரு மணிக்கு ஒருவழியாகக் கோடுகள் நின்றன. ரெக்கார்ட் ப்ளேயரின் வேகம் சரியானால் விளக்கொளியில் கோடுகள் நிற்பதுபோல் காட்டும் ஸ்ட்ரோப் தட்டின் 180 கோடும் காகிதத்தில் வரைந்தது போல அசையாமல் நின்றதும் அதை எடுத்து வைத்துவிட்டு, அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனின் ஜோலீன் 45-ஐ, அதாவது நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓட வேண்டிய சிறு இசைத்தட்டைப் போட்டேன். வேகத்தை மாற்றவில்லை, 33-இலேயே (சரியாகச் சொன்னால் 33⅓ சுற்று) விட்டேன். பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் கிர்ர் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தபோதும் எழுந்து போய்த் தூக்க மனம் வரவில்லை.

இந்தப் பாட்டை மெதுவாக்கிக் கேட்பது புதிதல்ல. இணையத்தில் பல வருடங்களாகச் சுற்றுகிற விஷயம், நானும் முதலில் அங்கேதான் கேட்டேன். அப்புறம் என்னிடமிருந்த டிஜிட்டல் பிரதியை ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் போட்டு, வேக மாற்றத்தில் 45-லிருந்து 33⅓ என்று தேர்ந்தெடுத்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் சுருதியை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் மெதுவாக்கும் வசதியில் போட்டபோது பாட்டு செத்துவிட்டது. அதே பெண் குரல், கிடாரின் ஒவ்வொரு மீட்டலுக்கும் ஒரு வால். குரலும் கிடாரும் மூச்சும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கினால்தான் இந்தப் பாட்டு இன்னொரு பாட்டாகிறது. அதைத் தட்டிலேயே கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது அப்போதுதான்.

வேகத்தைச் சரிசெய்வதில் ஒரு வாரம் போயிற்று. இணையத்தில் வாங்கிய ஸ்ட்ரோப் தட்டு 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது என்று விற்றவர் சொல்லவில்லை. அதில் 33-க்கு 216 கோடுகள். நம் 50 ஹெர்ட்ஸ் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குவதால் 180 கோடு இருந்தால்தான் 33⅓-இல் நிற்கும். மோட்டாருக்கு அடியில் உள்ள திருகை எவ்வளவு திருப்பியும் கோடுகள் ஓடிக்கொண்டே இருந்ததற்கு அதுதான் காரணம். சரியான தட்டை அச்சிட்டு வெட்டிய பிறகும் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் என் மேசை எல்இடி விளக்கு மினுக்கவே மினுக்காது. கடைசியில் பரணிலிருந்து ஒரு குண்டு பல்பைத் தேடி எடுத்து மாட்டினேன். வீட்டில் பழைய குண்டு பல்பு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். இன்னொன்று: 50 ஹெர்ட்ஸில் 45-க்குக் கோட்டுக் கணக்கு முழு எண்ணாக வராது. 133⅓ வர வேண்டிய இடத்தில் 133 கோடுதான் போட முடியும், ஆகவே கோடு நிற்கும்போது வேகம் 45.11 ஆக இருக்கும். 33-க்கு அந்தத் தொல்லை கிடையாது.

உண்மையில் என்னைப் படுத்தியது வேகம் அல்ல, மையம்தான்.

முதல் முறை ஓட்டியபோது ஜோலீன் என்று இழுக்கிற ஒவ்வொரு இடத்திலும் குரல் லேசாகத் தள்ளாடியது. பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கி மாட்டினேன், அப்படியேதான் இருந்தது. பிறகு ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மில்லிமீட்டர் வெளியே போய் உள்ளே வந்தது. அப்படியென்றால் தட்டு மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. ஏழு அங்குலத் தட்டின் நடுப்பகுதியில், அதாவது ஆரம் 70 மில்லிமீட்டர் உள்ள இடத்தில், இது சுருதியைப் பன்னிரண்டு சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலும் பன்னிரண்டு சென்ட் கீழும் ஆட்டும். மொத்தத்தில் கால் அரைச்சுரம். 45-இல் ஒரு சுற்றுக்கு 1.33 நொடிதான், சுரங்களும் குட்டை, காது விட்டுவிடும். 33-இல் சுற்று 1.8 நொடியாகிறது, நீளச் சுரங்கள் இன்னும் நீளும், அங்கே எதையும் மறைக்க முடியாது.

குற்றவாளி, தட்டின் ஓட்டையை ப்ளேயரின் மெல்லிய நடுக்கம்பிக்குப் பொருத்தும் பிளாஸ்டிக் அடாப்டர். 45-இன் பெரிய ஓட்டைக்குள் அது கடகடவென்று ஆடியது. செலோடேப் ஒரு சுற்று சுற்றினேன், பாதி சரியானது. இரண்டாவது சுற்று சுற்றினேன், தட்டு உள்ளே இறங்கவே இல்லை. பிரித்து ஒன்றரைச் சுற்று போட்டதில் ஒரு பக்கம் மட்டும் தடித்து முன்பைவிட மோசமானது. நான்கு இரவு இப்படிப் போனது. பிறகுதான் புத்தியில் பட்டது: அடாப்டரே வேண்டாம்! ஓட்டை அவ்வளவு பெரியதாக இருப்பதே வசதி, தட்டை எந்தப் பக்கமும் நகர்த்தலாம். கார்க் விரிப்பின் மேல் தட்டை வைத்து, சுற்றவிட்டு, டோன்ஆர்ம் அதிகபட்சம் வெளியே வரும்போது ஊசிக்கு நேராக இருக்கும் விளிம்பைப் பார்த்துக்கொள்வேன். அப்புறம் ஊசியைத் தூக்கி, சுழற்சியை நிறுத்தி, அந்த விளிம்பை உள்நோக்கி ஒரு நகக்கணு தள்ளுவேன். ஆட்டம் எவ்வளவோ அதில் பாதிதான் தள்ள வேண்டும். ஐந்தாறு முறை செய்ததும் டோன்ஆர்ம் சமர்த்தாக நேராகப் போனது. இந்த வழியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்.

இனி பாட்டு. 2 நிமிடம் 41 நொடிப் பாட்டு 3 நிமிடம் 37 நொடி ஆகிறது. சுருதி ஐந்து அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்குகிறது. நம் கணக்கில் ஒன்றரைக் கட்டையிலிருந்து கீழே ஐந்தரைக் கட்டைக்கு. நிமிடத்துக்குச் சுமார் 110 தாளத் தட்டு என்பது 82 அளவுக்கு வருகிறது. வழக்கமான வேகத்தில் முன்னிசைக் கிடார் ஒரே உருளலாகக் காதைக் கடந்துவிடும். இங்கே கட்டைவிரல் கீழ்த்தந்தியைத் தொடுவதும் மற்ற விரல்கள் பதில் சொல்வதும் தனித்தனியாகக் கேட்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது, அதை நான் முன்பு கேட்டதே இல்லை.

குரல் ஆண் குரலாகிவிடுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், மெல்லிய உயரமான ஆண் குரல். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. என் ஆளைப் பறித்துக்கொள்ளாதே என்று ஜோலீனிடம் ஒரு பெண் கெஞ்சுகிற பாட்டு இது. 1973-இல் நாஷ்வில்லில் பாடிய அந்த வேகத்தில் அவள் பதறுகிறாள், கதவு சாத்துவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்பது போல. மெதுவாகக் கேட்கும்போது, இதையே பலமுறை கெஞ்சிக் களைத்துப்போன ஒருவர் மறுபடி கெஞ்சுகிறார். குரலின் நடுக்கமும் மெதுவாகி விம்மலாகிறது. செம்பட்டைக் கூந்தல், பச்சைக் கண் என்று எதிராளியின் அழகைச் சொல்லும் இடத்தில் பொறாமையே இல்லை, ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிற தொனிதான். வரிகளுக்கு முன் இழுக்கும் மூச்சு நன்றாகக் காதில் விழுகிறது. அந்த மூச்சுக்காகவே இத்தனை பாடும் தகும்.

கணினியில் மெதுவாக்கியதும் இதுவும் கேட்பதற்கு ஒன்றல்ல. ஊசியின் சிற்றொலியைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்பில், தட்டில் கூட்டியும் குறைத்தும் பதிந்த ஒலிகளைச் சமன்செய்யும் ஆர்ஐஏஏ வளைவு, தட்டு சரியான வேகத்தில் சுற்றும் என்று நம்பித்தான் வேலை செய்கிறது. நாம் மெதுவாக்கினால் அது இடம் மாறிப்போய், கணக்குப்படி நடுப்பகுதி ஒன்றரை டெசிபெல் போல உள்வாங்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது, குரல் ஓரடி பின்னால் தள்ளி நின்று பாடுவது போல இருக்கிறது.

ஒரு இடைச்செருகல். 45 வேகத்தையே 1949-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஆர்சிஏ விக்டர். அதற்கு முந்தைய வருடம் 33⅓ எல்பி நெடுந்தட்டைக் கொண்டுவந்த கொலம்பியாவுக்குப் போட்டியாக. ஜோலீன் தட்டில் இருப்பதும் ஆர்சிஏ முத்திரைதான். இரண்டு வேகமும் ஒரே ப்ளேயரில் இருப்பதால்தான் நமக்கு இந்தப் பாட்டு இரண்டாவது முறை கிடைக்கிறது.

அடுத்து கிடாரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். மூலப் பாட்டுக்கு நான்காம் கட்டத்தில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஏ மைனர் வடிவம் பிடிப்போம். மெதுவான பாட்டுக்கும் அதே நான்காம் கட்டம்தான், இ மைனர் வடிவம். ஆனால் இருபது சென்ட் உதைக்கிறது. மூலம் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்று சுருதி சேர்த்தது என்றால் இதற்கு ஏ சுரம் 435-இல் இருக்க வேண்டும். ட்யூனரை 435-க்கு மாற்றி, மூன்று தந்தி வரை இறக்கிவிட்டேன். நான்காவதில் தந்தியை முறுக்கும் ஆணி வழுக்குகிறது. புது ஆணி சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும் என்றார் கடைக்காரர். அதுவரை டாலி பார்ட்டன் பாடிய இன்னொரு 45, 1974-இல் வந்த ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ, கார்க் விரிப்பின் மேல் காத்திருக்கிறது. ஏற்கெனவே மெதுவான பாட்டு, 33-இல் தாங்குமா என்று இன்று இரவு பார்த்துவிடுவேன்.