கல்பேனி: மாமி பாய்க்கயிறு பிடித்த பகல்

கொச்சியில் இருந்து லட்சத்தீவுக்குப் போகும் 'சமுத்திரம்' கப்பல் பயணத்தைப் பற்றி எங்கள் குமரி மாவட்டத்துக் குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்து ஆட்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கப்பல் எப்படி, சாப்பாடு எப்படி, வாந்தி வருமா என்றுதான் கேள்விகள். அவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, கல்பேனித் தீவில் கரையிறங்கிய அந்த ஒரு பகலைப் பற்றித்தான் விரிவாக எழுதப் போகிறேன். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்தப் பயணத்தின் உயிரே அதுதான்.

இது சொகுசுக் கப்பல் அல்ல. 'சமுத்திரம்' என்பது பயணத்தின் பெயர். நாம் ஏறும் எம்.வி. கவரத்தி, தீவு மக்கள் ஊருக்குப் போக வர வைத்திருக்கும் பயணிகள் கப்பல். விசாகப்பட்டினத்தில் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் கட்டியது, 700 பேர் வரை ஏறலாம். கொச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், லீவுக்குப் போகும் காலேஜ் பிள்ளைகள், கைக்குழந்தையோடு தாய்மார்கள், அவர்களுக்கு நடுவில் நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்கள். எனக்கு இந்தக் கலப்பு ரொம்பப் பிடித்திருந்தது. இரவில் கப்பல் ஓடும். பகலில் ஒரு தீவில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகள். அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் போக முடியாது, அதனால் விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். கப்பல் ஏறுவது கொச்சித் துறைமுகத்தில் உள்ள வில்லிங்டன் தீவில். வாந்திக்கு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போகாத காலம் மழைக்காலம். மே பாதியில் இருந்து செப்டம்பர் பாதி வரைக்கும் அந்தக் கடல் யாருக்கும் இடம் கொடுக்காது.

நாங்கள் போனது ஜனவரியில். நான், வீட்டுக்காரர், ஏழாம் வகுப்பு மகள், இரண்டாம் வகுப்பு மகன், அப்புறம் மாமி, அதாவது வீட்டுக்காரரின் அம்மா.

மாமியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகலைச் சொல்ல முடியாது. தேங்காப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவர். அவருடைய அப்பா கட்டுமரத்தில் போனவர். ஆனால் மாமி கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததே இல்லை. எங்கள் மேற்குக் கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அலை கரையிலேயே மடங்கி உடையும், அடுத்த நொடி காலடி மண்ணை உருவிக்கொண்டு போகும். ஆண்களுக்கு அது தொழில், பெண்களுக்கு அது காத்திருக்கிற இடம், பிள்ளைகளுக்கு "அங்கே போகாதே" என்று சொல்லி வளர்க்கிற இடம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் இருந்து போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. உயிர் தப்பியவர்களில் எத்தனையோ பேர் காற்று தள்ளியதில் லட்சத்தீவில்தான் போய்க் கரையேறினார்கள். அந்த நாட்களில் மாமி வானொலிக்கும் தேவாலயத்துக்குமாக நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் டிக்கெட் எடுக்கும்போது அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தீவு, ஒருக்கா பார்க்கணும்" என்று அவரே சொன்னார்.

கொச்சியில் இருந்து கல்பேனி 287 கிலோமீட்டர். விடிந்து மேல்தளத்துக்குப் போனபோது தூரத்தில் தென்னந்தலைகள் மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தன. கப்பல் தீவுக்குள் வராது. பவளத்திட்டுக்கு வெளியே ஆழ்கடலில் நிற்கும், சின்னப் படகுகள் வந்து நம்மை இறக்கிக்கொண்டு போகும். அந்த இறங்கும் வேலைதான் இந்தப் பயணத்திலேயே கொஞ்சம் நெஞ்சு படபடக்கிற இடம். கப்பலின் பக்கவாட்டில் ஒரு இரும்புக் கதவைத் திறக்கிறார்கள். கீழே படகு ஒரு ஆள் உயரத்துக்கு ஏறுகிறது, இறங்குகிறது. கதவோரம் இரண்டு பேர் நம் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொள்வார்கள். படகில் இரண்டு பேர் கையை நீட்டியபடி நிற்பார்கள். படகு மேலே வரும் கணத்துக்காகக் காத்திருந்து, வந்ததும் ஒரே வீச்சில் ஆளை மாற்றிவிடுகிறார்கள். நாம் குதிக்கவே கூடாது. மாமியின் முறை வந்தபோது படகில் இருந்தவர் "பேடிக்கேண்ட அம்மே", பயப்படாதீங்க அம்மா, என்று மலையாளத்தில் சொன்னார். மாமி கண்ணை மூடவில்லை. அலையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், அவர்கள் தூக்குவதற்கு அரை நொடி முன்னால் "இப்ப" என்று தானே சொன்னார். சரியாக அந்தக் கணத்தில்தான் படகு மேலே வந்து நின்றது.

பவளத்திட்டின் வாய்க்கால் வழியாகப் படகு உள்ளே நுழைந்ததும் ஆட்டம் சட்டென்று அடங்கியது. வெளியே கருநீலம், உள்ளே வெளிர்ப்பச்சை. இந்தத் தீவுகள் உண்டான விதத்தை மகளுக்கு அவள் அப்பா படகிலேயே விளக்கினார். கடலுக்கடியில் எரிமலை ஒன்று மெல்ல மெல்ல அமிழ்ந்துபோக, அதன் விளிம்பில் வளர்ந்த பவளம் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. மலை மறைந்துவிட்டது, வளையம் நின்றுவிட்டது. வளையத்துக்குள் இருக்கும் ஆழமில்லாத நீர்தான் காயல். பெரிய அலைகளை எல்லாம் அந்தப் பவள வளையம் வெளியிலேயே வாங்கி உடைத்துவிடுகிறது. கல்பேனியோடு திலாக்கம், பிட்டி என்ற இரண்டு குட்டித் தீவுகளும் வடக்கே ஆளில்லாத செறியம் தீவும் ஒரே வளையத்தில் சேர்ந்தவை. சுமார் 4,400 பேர் வாழும் ஊர் இது. பரப்பளவு மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை.

கூமேல் என்ற வளைந்த கடற்கரையில்தான் சுற்றுலாவுக்கான கொட்டகைகள். இறங்கியதும் இளநீர் கொடுத்தார்கள். அப்புறம் ஸ்நார்க்கலிங், அதாவது முகத்தை நீருக்குள் வைத்து மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது.

உபகரணம் எளிமையானது. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ளும் குழாய், லைஃப் ஜாக்கெட். நீந்தத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கற்றுக்கொடுத்த தீவுக்காரர் முதலில் இடுப்பளவு நீரில் நிறுத்தி, முகத்தை மட்டும் வைத்து, வாயால் மூச்சுவிடப் பழக்கினார். பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெற்றி முடி ஒரு இழை உள்ளே மாட்டினாலும் கண்ணாடிக்குள் தண்ணீர் கசியும். முடியை இழுத்து வாரிக் கட்டிவிட்டுப் போங்கள். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொரு விஷயம், பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது என்பது. காலை அறுக்கும் என்பதோடு முடியவில்லை, நாம் மிதிப்பது உயிருள்ள ஒன்றை. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்கூட வளராத வகைகள் அதில் உண்டு. பவளம், கடல் அட்டை எதையும் எடுத்து வருவது குற்றம். இரண்டும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை.

முகத்தை உள்ளே வைத்ததும் முதலில் மிரட்டியது சத்தம். என் மூச்சின் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அப்புறம் இன்னொரு சத்தம், கறுக் கறுக்கென்று. கிளி மூக்கு போன்ற வாயுள்ள பச்சை நீல மீன்கள் பவளப் பாறையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன. பாறை மேல் ஒட்டியிருக்கும் பாசிக்காகத்தான் அவை கடிக்கின்றன. கூடவே உள்ளே போகும் பவளத்தை அரைத்து மணலாக வெளியே விடுகின்றன. நாங்கள் நின்றிருந்த வெள்ளை மணலில் பெரும்பங்கு இந்த மீன்களின் வயிற்றில் இருந்து வந்தது என்று தெரிந்ததும் மகன் சிரித்த சிரிப்பில் குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. நானே பார்த்தேன். ஒரு மீன் ஓடும்போதே பின்னால் வெள்ளைத் தூளாக மணல் கொட்டியது.

பார்த்ததில் மனசு கனத்த இடங்களும் உண்டு. கிளை கிளையாக நின்ற பவளத்தில் நிறைய, உயிர் போய்ப் பழுப்பாகப் பாசி பிடித்துக் கிடந்தன. கடல் நீர் அளவுக்கு மேல் சூடாகும்போது பவளம் தனக்குள் குடியிருந்து உணவு தரும் நுண்ணிய பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெளுக்கிறது. சூடு சீக்கிரம் தணியாவிட்டால் பட்டினியிலேயே சாகிறது. 1998, 2010, 2016 என்று எல் நினோ ஆண்டுகளில், அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் காலங்களில், லட்சத்தீவு இந்த அடியைத் திரும்பத் திரும்ப வாங்கியிருக்கிறது. அலையைத் தடுக்கும் அந்த வளையம் வளராமல் தேய்ந்தால் இந்தத் தீவுக்கு வேறு காவல் இல்லை. மகள் வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "செத்தது திரும்ப வளருமாம்மா?" என்பதுதான். வளரும், இடையில் போதுமான வருஷங்கள் கிடைத்தால் வளரும் என்று அந்தத் தீவுக்காரர் பதில் சொன்னார். இறந்த பாறையின் மேல் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஊதா நிறத்தில் முளைத்திருந்த புதுப் பவளம் ஒன்றை அவளைத் திரும்ப அழைத்துப் போய்க் காட்டினார். அதற்கு அவருக்கு என் நன்றி.

மத்தியானச் சாப்பாடு சோறும் சூரைக் கறியும். எங்கள் வீட்டுக் குழம்பைவிடத் தேங்காய் கூடுதல், புளி குறைவு. மீன் அன்றைக்குப் பிடித்தது, சாப்பிட்டதும் தெரிந்துவிடும். அப்புறம் வண்டியில் ஊரைச் சுற்றிக் காட்டினார்கள், பனியன் தைக்கும் இடம் உட்பட. அதில் நின்று பார்க்க வேண்டியது கிழக்குக் கரையில் மலைபோல் குவிந்து கிடக்கும் பவளக் கற்கள். 1847-இல் அடித்த பெரும்புயல் கடலுக்கடியில் இருந்து வாரி எறிந்தவை. மாமி அந்தக் கற்குவியல் முன் நின்று வாய்க்குள் ஏதோ ஜெபித்துக்கொண்டார். ஒக்கி சமயத்தில் படகுகள் ஒதுங்கியதைப் பற்றி வண்டிக்காரரிடம் கேட்டார். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. இங்கேயும் தென்னை சாய்ந்தது, கரண்ட் இல்லை, ஆனாலும் இருந்ததைப் பகிர்ந்தோம் என்றார். பாதி மலையாளம் பாதி தமிழில் இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தள்ளி நின்றோம்.

திரும்பி வந்து பாய்மரப் படகு. சின்னப் படகு, ஒரே பாய், ஓட்டுகிறவரோடு நாலைந்து பேர் உட்காரலாம். மகன் ஓட்டுகிறவரை 'இக்கா' (அண்ணா) என்று கூப்பிட்டு ஒட்டிக்கொண்டான். காயல் அமைதி என்றாலும் வடகிழக்குக் காற்று நன்றாகவே இருந்தது. திலாக்கத்தைப் பார்த்துப் போகும்போது காற்று பின்னால், படகு வழுக்கிக்கொண்டு போனது. திரும்பும்போது காற்று முகத்துக்கு நேரே. எந்தப் பாயும் காற்றுக்கு நேராக ஏறாது. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று கோணலாக ஏறி ஏறித்தான் வர வேண்டும். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பாயின் அடிக்கட்டை தலைக்கு மேலே மறுபக்கம் வீசும். முதல் திருப்பத்தில் இக்கா எச்சரிப்பதற்குள் மாமி "மக்களே, தலையைக் குனி" என்று மகனின் கழுத்தை அமுக்கிவிட்டார்.

இக்கா திரும்பி மாமியைப் பார்த்தார். அப்பா மரத்தில் போனவரா என்று கேட்டார். மாமி தலையாட்டினார். பேச்சே இல்லாமல் பாய்க்கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டார் இக்கா.

மாமி கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றவில்லை, விரல்களால் மட்டும் பிடித்தார். திடீர்க் காற்று வந்தால் விட்டுவிட வசதியாக இருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார். கண் பாயில் இல்லை, தண்ணீரில் இருந்தது. தூரத்தில் நீர் கருத்துச் சுருங்கும் இடத்தைக் காட்டி, "அந்தா காற்று வருது" என்பார். கொஞ்ச நேரத்தில் வரும். வருமுன் கயிற்றை ஒரு சாண் தளர்த்திவிடுவார், படகு சாயாது. யார் சொல்லிக்கொடுத்தது என்று மகள் கேட்டாள். "எங்க அப்பா விடியுமுன்ன கரைக்காற்றுல பாய் விரிச்சுப் போவாரு, மத்தியானம் கடல்காற்றுல திரும்புவாரு. நான் மணல்ல உட்கார்ந்து தினமும் பார்ப்பேன்ல, அம்மச்சிக்குத் தெரியாம இருக்குமா?" என்றார். என் வீட்டுக்காரர் தன் அம்மாவை அப்படிப் பார்த்ததே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

கரைக்கு வந்ததும் மாமி தானாகவே கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். சேலையோடு, மேலே லைஃப் ஜாக்கெட்டோடு, என் கையையும் மகள் கையையும் பிடித்துக்கொண்டு முகத்தை நீரில் வைத்தார். ஐந்து நிமிஷம் எழவே இல்லை. எழுந்ததும் சொன்னது இதுதான்: "சோற்றுல பார்த்த மீன் எல்லாம் இங்க உயிரோட நடமாடுது."

வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு: கப்பலில் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள். மூட்டுவலி அதிகம் உள்ளவர்கள் அந்த இரும்புக் கதவைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். செருப்பு, பின்னால் வார் உள்ளதாக இருக்கட்டும். மாற்றுத் துணியை நல்ல பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். சாயங்காலம் கடைசிப் படகுக்கு நிற்காமல் ஒன்றிரண்டு முன்னதாகவே ஏறிவிடுங்கள், கூட்டம் குறைவு, இறக்கி ஏற்றுகிறவர்களும் நிதானமாகக் கவனிப்பார்கள். எங்கள் கப்பல் அன்றைக்கு இரவே மினிக்காய்க்குக் கிளம்பியது.