"டென்ஷன்" என்ற ஒரே சொல்லை உடைக்கும் வேலை

பிளஸ் டூ பிள்ளையிடம் என்ன ஆச்சு என்று கேட்டால் "டென்ஷன்", "கடுப்பா இருக்கு", இல்லாவிட்டால் "ஒண்ணுமில்ல". சென்னையில் பதின்வயதினரோடு வேலை செய்யும் எங்களுக்கு முதல் வாரம் இந்தச் சொற்களைப் பிரிப்பதிலேயே போய்விடும். உள்ளே இருப்பது கணக்குப் பரீட்சைப் பயமா, நண்பர்கள் முன்னால் பட்ட அவமானமா, வெறும் தூக்கக் குறைவா என்று தெரியாமல் செய்யும் எந்த உதவியும் எடுபடாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இரவு ஐந்து நிமிடம், நான்கு கட்டம்: என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, அந்த உணர்ச்சிக்கு என்ன பெயர், அதன் தீவிரம் பத்துக்கு எவ்வளவு. பெயர் வராத பிள்ளைக்கும் உடம்பு தெரியும். "வயித்தைப் பிசையுது", "நெஞ்சு படபடங்குது" என்று எழுதிவிட்டால் பெயர் பின்னாலேயே வரும். பெயர்க் கட்டத்தில் பலர் "அவன் என்னை மதிக்கல" என்று எழுதுவார்கள். அது அவனைப் பற்றிய கருத்து. "மதிக்காதப்போ உனக்கு என்ன ஆச்சு?" என்று இன்னொரு முறை கேட்டால்தான் கோபமோ வருத்தமோ வெளியே வரும். பெற்றோர் அந்த நோட்டைத் திறந்து பார்த்தால் கதை முடிந்தது. மறுநாளிலிருந்து பிள்ளை அம்மாவுக்காக எழுதத் தொடங்கிவிடும்.

அடுத்து மூச்சு. மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. பலர் நெஞ்சு விரிய வேகமாக இழுத்துத் தள்ளுவார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், "இது எனக்கு ஒத்துக்கல" என்று விட்டுவிடுவார்கள். சின்ன மூச்சே போதும். இதைத் தேர்வு அறையில் முதல்முறையாகச் செய்தால் பலிக்காது. மனம் அமைதியாக இருக்கும் நாட்களில், தினம் ஐந்து நிமிடமாக, இரண்டு வாரமாவது பழக வேண்டும்.

குடும்பங்களோடு நாங்கள் அதிகம் வாதாடுவது தூக்கத்துக்காகத்தான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை. டியூஷன் முடிந்து பஸ் பிடித்து வீடு சேர ஒன்பதரை, வீட்டுப்பாடம் முடிய பன்னிரண்டு. "விடியக்காலம் படிச்சாதான் மண்டையில ஏறும்" என்று நாலரைக்கு எழுப்பினால் நாலரை மணி நேரம்தான் மிஞ்சும். இந்த வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராதது சோம்பலால் அல்ல. அரைகுறைத் தூக்கத்தோடு பிள்ளை வள்ளென்று விழுந்தால், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வதுதான் எங்களுக்கு வேதனை. மாலை நான்குக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

பேச மொட்டை மாடி நல்ல இடம், ஸ்கூட்டரின் பின் இருக்கை அதைவிட நல்லது. முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் வாய் திறக்கும். முதல் பத்து நிமிடம் அறிவுரை கூடாது. "இதுக்குப் போயா அழுவ?" என்ற ஒரு கேள்வி ஒரு மாத உழைப்பைக் கலைத்துவிடும்.

தூக்கம், சாப்பாடு, பள்ளி இவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 1794 முதல் இயங்கும் சென்னை மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை, "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று நாமே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்த வெட்கத்தில் மாதங்களைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. சாவைப் பற்றிப் பேசினாலோ கையைக் கீறிக்கொண்டாலோ அன்றே போக வேண்டும். "செத்துடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்காகச் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

ரிசல்ட் வரும் காலை பிள்ளையோடு ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த ஓரிரு மாதத்திலேயே துணைத் தேர்வு உண்டு, தேறினால் அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். இதை ரிசல்டுக்கு முந்தின வாரமே சொல்லி வையுங்கள். அன்று காலை சொன்னால் காதில் ஏறாது.