ஆஸ்பத்திரிக்கு வராதீங்க என்று சொல்லும் வேலை

நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவு நர்ஸாக இருக்கிறேன். மற்ற சிஸ்டர்கள் வந்தவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனவர்கள் மறுபடி ஆம்புலன்ஸில் வந்து இறங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பில்லிங்கில் இருக்கும் தம்பி என்னைக் கண்டால் ஒரே பாட்டுதான்: "சிஸ்டர், நீங்க ஒழுங்கா வேலை பாத்தா எங்க யாருக்கும் சம்பளம் வராது கேட்டியளா."

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பம்பிங் குறைந்தவர்கள். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 30, 35 சதவீதம் என்று எழுதியிருக்கும். இதயம் போதுமான அளவு ரத்தத்தைத் தள்ளாதபோது சிறுநீரகம் உடம்பில் நீர் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும். அது முதலில் காலில் இறங்கும். பகல் முழுக்கக் காலில் நின்ற நீர், இரவு படுத்ததும் ரத்தத்தில் கலந்து நெஞ்சுக்கு ஏறும். அதனால்தான் இவர்கள் காஷுவாலிட்டிக்கு வரும் நேரம் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணி. "நல்லாத்தான் படுத்தாரு, திடீர்னு மூச்சு முட்டிட்டு" என்பார்கள் வீட்டார்.

திடீர் என்று எதுவும் இல்லை. கடந்த வாரம் எத்தனை தலையணை வைத்துப் படுத்தார் என்று கேட்பேன். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, அப்புறம் மூன்று, முந்தாநாள் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார் என்று மெல்ல வெளிவரும். எடை பார்க்கும் மிஷின் வீட்டில் இருந்திருந்தால் அதற்கும் முன்பே தெரிந்திருக்கும். தடுத்திருக்கக்கூடிய அட்மிஷன் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எழுதுகிறார்களே, அது இதுதான்.

ஏன் தடுக்க முடியாமல் போகிறது என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. மாத்திரை தீர்ந்துபோய், அடுத்த செக்கப்புக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டது ஒன்று. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய டைக்ளோபினாக் இன்னொன்று. வலி மாத்திரை உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும், தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்கும் நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். இதை நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் மூட்டு வலிக்கிறவருக்கு மூட்டுதான் முதலில்.

எனக்கு நிறையக் கற்றுத்தந்தது பஸ் பிரச்சினை. நீர் மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, அடுத்த ஐந்தாறு மணி நேரம் அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டியிருக்கும். கல்யாணம், அடியந்திரம், நிச்சயம் என்று வெளியே போகிற நாளில் மாத்திரையை விட்டுவிடுவார்கள். பெண்கள் கண்டிப்பாக விடுவார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்து அட்மிட் ஆன ஒரு அக்காவிடம் ஏன் என்று கேட்டேன். "நீ லேசா சொல்லிருவ மக்களே. களியக்காவிளையில பஸ்ஸ நிறுத்தி நான் எங்க போய் இருக்க?" என்றார். அந்த மாசம் மூன்று கல்யாணம் அவருக்கு.

இதற்குத் தீர்வு பெரிய விஷயம் இல்லை. வெளியே போகும் நாளில் காலை மாத்திரையை வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு, அந்த ஆளின் சீட்டிலேயே எழுதி வாங்கிக் கொடுத்துவிடுவேன். ஆனால் இந்தக் கேள்வியை டாக்டர் ரவுண்ட்ஸில் யாரும் கேட்பதில்லை. நோயாளியும் சொல்வதில்லை. மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன் என்றுதான் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, போன வெள்ளிக்கிழமை எங்கே போனீங்க?" என்று தொடங்கினால்தான் வரும்.

இப்படி உட்கார்ந்து பேசுவதற்கு உண்மையிலேயே பலன் உண்டா என்று சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் மைக்கேல் ரிச் என்ற டாக்டரும் அவர் குழுவும் 70 வயது தாண்டிய 282 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1995-ல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு சேர்த்து நர்ஸ் தலைமையில் விளக்கம், சாப்பாட்டு ஆலோசனை, மாத்திரைகளைச் சரிபார்த்தல், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, போன். 90 நாளில் வழக்கமான சிகிச்சைப் பக்கம் 94 மறு அட்மிஷன், இந்தப் பக்கம் 53. பம்பிங் பிரச்சினைக்காக மட்டும் வந்தவை 54-க்கு எதிராக 24. செலவும் இந்தப் பக்கம் குறைவு. அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன், நிர்வாகத்தில் இருந்து யாராவது வந்து நின்றால் கண்ணில் படட்டும் என்று.

ஆள் செய்த வேலையை மிஷினிடம் கொடுத்தால் மலிவாக முடியுமே என்ற யோசனை யாருக்கும் வரத்தானே செய்யும். 2010-ல் யேல் பல்கலைக்கழகக் குழு டெலி-எச்எப் என்ற பெரிய ஆய்வை வெளியிட்டது. 1,653 பேர். நோயாளி தினமும் ஒரு கட்டணமில்லா எண்ணுக்கு போன் செய்து, பதிவுசெய்த குரல் கேட்கும் கேள்விகளுக்குப் பொத்தானை அமுக்கிப் பதில் சொல்லவேண்டும், எடையைப் பதியவேண்டும். கிளினிக்கில் இருப்பவர் வேலை நாட்களில் அதைத் திறந்து பார்ப்பார். ஆறு மாத முடிவில் திரும்ப அட்மிட் ஆனவர்களும் இறந்தவர்களுமாக போன் பக்கம் 52.3 சதவீதம், போன் இல்லாத பக்கம் 51.5. ஒரு வித்தியாசமும் இல்லை. 14 சதவீதம் பேர் அந்த எண்ணை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கடைசி வாரத்தில் வாரத்துக்கு மூன்று தடவையாவது கூப்பிட்டவர்கள் 55 சதவீதம்தான்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணும்போது "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று கேட்டாலே நமக்கு எரிச்சல் வருகிறது. அந்தக் குரலிடம் போய் யாராவது கல்யாணத்துக்குப் போன கதையைச் சொல்வார்களா?

அதற்காக டெலிபோன் வழி கண்காணிப்பே வீண் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஜெர்மனியில் பெர்லின் சாரிட்டே மருத்துவமனை நடத்திய டிம்-எச்எப்2 ஆய்வு 2018-ல் வந்தது. 1,571 பேர். எடை, பிரஷர், ஈசிஜி, ஆக்சிஜன் அளவு எல்லாம் தினமும் வீட்டிலிருந்து போகும். போய்ச் சேரும் இடத்தில் டாக்டரும் நர்ஸும் 24 மணி நேரமும், வாரத்தில் ஏழு நாளும் இருந்தார்கள். அளவு ஏறுமாறாக இருந்தால் அன்றைக்கே கூப்பிட்டு மருந்தை மாற்றினார்கள். இதயக் கோளாறுக்காக எதிர்பாராமல் ஆஸ்பத்திரியில் கிடந்ததாலோ இறந்துபோனதாலோ இழந்த நாட்கள் வருஷத்துக்குச் சராசரியாக 24.2-லிருந்து 17.8 ஆக இறங்கின. சாவும் குறைந்தது: வருஷத்துக்கு 100 பேருக்கு ஏறக்குறைய 11 என்றிருந்தது 8 ஆனது. அமெரிக்காவில் அனுப்பிய அதே எடைதான் இங்கேயும் போயிற்று. இங்கே அந்தப் பக்கம் ஆள் இருந்தார்.

என்னிடம் இருப்பது ஒரு மொபைல், ஒரு பெரிய ரிஜிஸ்தர். வீட்டுக்குப் போகும்போது எல்லோருக்கும் ஒரு நோட்டு கொடுப்பேன். காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, சாயா குடிக்கும் முன்னால், அதே மாதிரி துணியில் எடை பார்த்து எழுதவேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் போன். முதல் மாசத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய.

நிறுத்தாத ஒரு பெரியவர் குலசேகரம் பக்கத்துக்காரர். காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டினவர். ஷீட் எடை, ஒட்டுப்பால் எடை என்று அந்தக் காலத்திலிருந்தே கணக்கு எழுதிப் பழக்கம். அவர் நோட்டில் தேதி, எடை, பக்கத்தில் மழை உண்டா இல்லையா என்றும் இருக்கும். மழைக்கும் பம்பிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "எழுதிப் பழகிட்டு மக்களே" என்றார். 62.4, 62.3, 62.5 என்று நேராகப் போய்க்கொண்டிருந்த எண் ஒரு வாரம் 63.1, 63.8, 64.6 என்று ஏறியது. அன்று காலையே கூப்பிட்டார். மூச்சு முட்டவில்லை, கால் மட்டும் லேசாக வீக்கம். வேறு என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டதில் முட்டி வலிக்கு மகன் வாங்கிக்கொடுத்த மாத்திரை வெளிவந்தது. டாக்டரிடம் சொன்னேன். வலி மாத்திரையை நிறுத்தி, நீர் மாத்திரையை இரண்டு நாளைக்குக் கூட்டி, மூன்றாம் நாள் ஓபியில் வந்து உப்புச்சத்து ரத்தப் பரிசோதனை. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனார். இல்லாவிட்டால் நான்கைந்து நாள் ஐசியு.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-ல் சோடியம்-எச்எப் என்ற ஆய்வு வந்ததும் எங்கள் ஜூனியர் டாக்டர் ஒருவர் போனைக் காட்டிக்கொண்டு வந்தார்: "சிஸ்டர், இனி கருவாட்டுக்குத் தடை இல்லை." ஆறு நாடுகளில் 806 பேர். உப்பை நன்றாகக் குறைத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கும் குறைக்காதவர்களில் 17 சதவீதம் பேருக்கும் ஒரு வருஷத்துக்குள் ஆஸ்பத்திரி அட்மிஷனோ, அவசரப் பிரிவு வருகையோ, மரணமோ. வித்தியாசம் நிச்சயமில்லை. உண்மைதான். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் ஆரம்பத்திலேயே சராசரியாக நாளுக்கு 6 கிராமுக்கும் குறைவான உப்பில் இருந்தவர்கள். இந்தியாவின் சராசரி 8 கிராம். நெத்திலிக் கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் பப்படமும் இருக்கும் நம் ஊர் கஞ்சிக் கிண்ணத்தை யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அவர்கள் நின்ற இடத்துக்கு நாம் முதலில் போய்ச் சேருவோம் என்று சொல்லி அனுப்பினேன். சும்மா சொல்லக்கூடாது, ஒரு விஷயத்தில் நான் மாறினேன்: உப்பே இல்லாத சாப்பாடு என்று யாரையும் இப்போது வற்புறுத்துவதில்லை. அப்படிச் சொன்னால் வயசானவர்கள் சாப்பாட்டையே குறைத்துவிடுகிறார்கள்.

நம் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 18 ஆஸ்பத்திரிகளில் 2013-ல் பம்பிங் பிரச்சினையோடு சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து பார்த்த பதிவேடு. சராசரி வயது 61. ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் ஏறக்குறைய 8.5 சதவீதம். 90 நாளில் அது 18 ஆகிவிடுகிறது. அதாவது வீட்டுக்குப் போன பிறகுதான் பாதிக்கு மேல். எங்கள் மார்த்தாண்டம், குழித்துறைக்காரர்கள் பாதிப் பேர் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம்தான் போகிறார்கள், ஆகையால் இது வெளியூர்க் கணக்காக எனக்குத் தோன்றுவதில்லை.

அந்த மூன்று மாதத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு 2022-ல் வந்த ஸ்ட்ராங்-எச்எப் ஆய்வு தெளிவாகச் சொல்கிறது. 1,078 பேர். ஒரு பாதிப் பேருக்கு டிஸ்சார்ஜ் ஆன இரண்டே வாரத்தில் இதய மாத்திரைகளை முழு அளவுக்கு ஏற்றி, அடிக்கடி வரவைத்துப் பிரஷரும் பொட்டாசியமும் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மறு அட்மிஷனோ மரணமோ 15.2 சதவீதம், வழக்கமான பக்கம் 23.3. பலன் தெரிந்ததும் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அவசரமாக வருவதைக் குறைக்க, அவசரமில்லாமல் வருவதைக் கூட்டவேண்டும். எங்கள் ஆட்கள் அடுத்த செக்கப் மூன்று மாசம் கழித்து என்றால் சந்தோஷப்படுவார்கள். வாரா வாரம் வாங்க என்றால், பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகம். சந்தேகப்படுகிறவரைக் குறைசொல்லவும் முடியாது, ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறதே.

எண்ணிக்கையை மட்டும் விரட்டினாலும் ஆபத்து. அமெரிக்காவில் 30 நாளுக்குள் நோயாளி திரும்ப வந்தால் ஆஸ்பத்திரிக்கு அரசு பணத்தைக் குறைக்கும் திட்டம் 2012-ல் தொடங்கியது. மறு அட்மிஷன் குறைந்தது. ஆனால் பம்பிங் நோயாளிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிந்திய சாவு கூடியதாக 2018-ல் ஒரு ஆய்வு சொன்னது. அந்தத் திட்டம்தான் காரணமா என்று இன்னும் சண்டை நடக்கிறது. எனக்கு அது போதும் ஜாக்கிரதையாக இருக்க. படுக்க முடியவில்லை, பேசும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலி, மயக்கம் என்று போனில் கேட்டால் எடை எவ்வளவு என்றுகூடக் கேட்கமாட்டேன். 108-ஐக் கூப்பிடுங்க, நான் காஷுவாலிட்டியில் சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது என் போன் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, திங்கள் முதல் சனி வரை. ஞாயிற்றுக்கிழமை அது மேசை டிராயரில் பூட்டிக் கிடக்கும். கல்யாணமும் கறிச்சோறும் ஞாயிற்றுக்கிழமைதான், திங்கள் காலையில் டிராயரைத் திறந்து போனைப் பார்த்தால் மிஸ்டு கால் வரிசையாக இருக்கும். ஞாயிற்றுக்கு இன்னொரு சிஸ்டரைப் போட்டுத் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பெர்லின் கணக்கையும் சேர்த்து. அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.